சொல்லாமல் போய்த் தண்ணீர் கேட்டவள்

தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, மேடையில் உள்ள பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவ்வந்தியின் தாயார் பொன்னாத்தாள் அம்மாள் அவர்களே, காரமடையிலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் வளர்ப்புப் பெற்றோர்களே, குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். மேடையின் இடது ஓரத்தில் இருக்கும் நம் சங்கத்தின் துணைத்தலைவர் திரு. பாலுசாமி அவர்களுக்கு மட்டும் நான் வணக்கம் சொல்லவில்லை. மறதி என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தச் சங்கத்தின் தலைவராகிய எனக்கு எழுபத்து மூன்று வயது. மறக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

காலையில் செவ்வந்தியின் படத்துக்கு ஆள் உயர ரோஜா மாலை ஒன்று போட்டிருந்தது. இப்போது இல்லை. எடுக்கச் சொன்னது நான்தான். அது பாலுசாமி அவர்கள் கொடுத்தனுப்பிய மாலை.

எனக்கு முன்னால் பேசிய போதகர் ஐயா மன்னிப்பைப் பற்றிச் சொன்னார். அழகாகச் சொன்னார். நானும் கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருடம் படித்தவள். அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஐயா, மன்னிக்க வேண்டியவள் யார்? செவ்வந்தி. அவள் இறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் கொடுக்காத மன்னிப்பை அவளுக்குப் பதிலாக எடுத்துக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது? என்னிடம் இருப்பது கோபம். அதை நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இந்த மேடையை விட்டு இறங்கும்போது அது பாதியாவது குறைந்திருக்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனியா என்று ஒரு பெண் குழந்தை. பதினொரு வயது. நம் சங்கம் வளர்ப்பதற்கென்று கொடுத்த குழந்தை. இரண்டு வருடமாகக் கிணத்துக்கடவில் பாலுசாமி அவர்களின் தோப்பு வீட்டில் இருக்கிறாள். செவ்வந்தி கடைசி மூச்சு வரை கேட்டது அந்தக் குழந்தையை. இந்தக் கூட்டம் அவளைப் பற்றியது என்றால், இந்தக் கூட்டம் இனியாவைப் பற்றியதும்தான்.

செவ்வந்தி யார்? காரமடைக்குப் பக்கத்தில் பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சின்னானின் மகள். மிஷன் பள்ளியில் படித்துப் பட்டம் வாங்கி, இருபத்து மூன்று வயதில் நம் சங்கத்துக்கு வேலை கேட்டு வந்தாள். நேர்முகத்தில் நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு தமிழில் பதில் சொன்னாள். ஆங்கிலம் வராதா என்றேன். "நீங்க கேக்கறது புரியுதுங்கம்மா. ஆனா நான் போயிப் பேசப்போறது குழந்தைககிட்டத்தானுங்களே" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேலையைக் கொடுத்தேன்.

பதிவேட்டில் அவளுடைய பதவிக்குப் பெயர் பிளேஸ்மென்ட் ஆபீசர். அவள் அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால், புள்ளைகளுக்கு ஊடு பாக்குற வேலை என்பாள். பெற்றோர் இறந்த குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, தகப்பன் சிறையிலும் தாய் ஆஸ்பத்திரியிலும் இருக்கிற குழந்தை. தத்து அல்ல இது. சொந்த வீடு சரியாகும் வரைக்கும், அல்லது குழந்தை தன் காலில் நிற்கும் வரைக்கும், வேறொரு குடும்பம் வளர்ப்பது. பதினெட்டு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று குழந்தைகளுக்கு அவள் வீடு பார்த்தாள். அதில் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்! என்னால் எண்ண முடியவில்லை.

எப்படிப் பார்த்தாள்? அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கத்தில் பதினான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் உண்டு. நான் தயாரித்தது. எத்தனை அறை, எத்தனை ஜன்னல், கழிவறை உண்டா என்றெல்லாம் கேட்கும். செவ்வந்தி அதைப் பிழையில்லாமல் நிரப்புவாள். ஆனால் அவள் நம்பியது அதை அல்ல. குழந்தையை விட்டு ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போவாள். போய்த் தண்ணீர் கேட்பாள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பது தண்ணீர்தானே. தண்ணீர் வந்ததும் அவள் குடிக்க மாட்டாள். குழந்தையைப் பார்த்து, நீ முதலில் குடி என்பாள். அவ்வளவுதான். குழந்தையின் கை எந்தப் பாத்திரத்துக்குப் போகிறது என்று பார்ப்பாள். அலமாரியில் வீட்டுக்காரர்களின் டம்ளர்களோடு இருக்கிற டம்ளருக்குப் போனால் சரி. தனியாகக் கவிழ்த்து வைத்த ஒன்றைத் தேடிப் போனால், அன்றைக்கே அறிக்கை எழுதுவாள். படிவத்துக்குப் பொய் சொல்லலாம். தாகத்தோடு இருக்கிற குழந்தையின் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதை அவள் எந்தக் கல்லூரியில் கற்றாள் என்று நான் ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் அப்பாவோடு பண்ணைக்குப் போனால் தண்ணீரை உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றுவார்கள் என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் கொடுமுடியிலிருந்து வந்திருக்கும் நரசிம்மலு அவர்களும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். முதல் நாள் ஆபீசுக்கு வந்து, கொஞ்சம் சிவப்பாக ஒரு பையன் கிடைக்குமா என்று கேட்டார்கள். செவ்வந்தி பேனாவைக் கீழே வைத்தாள். "கலர் பாத்து எடுக்கறதுக்கு இது சீலைக்கடை இல்லீங்க. போயிட்டு, யோசிச்சுப்போட்டு வாங்க" என்றாள். யோசித்துவிட்டு வந்தார்கள். கதிரைக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய் நின்றபோது கதிர் வாசலை மறித்துக்கொண்டு, "செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க. எங்கம்மா இப்பத்தான் ஊடு கூட்டுனாங்க" என்று அதட்டினானாம். அன்றைக்கு அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, பையன் என்னைத் திட்டிப்போட்டானுங்கம்மா, ஊடு அமைஞ்சிருச்சு என்று சிரித்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

இப்போது இனியா.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஜூன் மாதம். தாய் இறந்து, தகப்பன் எங்கே என்று தெரியாமல், இனியா நம்மிடம் வந்தாள். ஒன்பது வயது. பாலுசாமி அவர்கள் தானே முன்வந்து, தன் வீட்டில் வளர்ப்பதாகச் சொன்னார். துணைத்தலைவர், தோப்பும் மில்லும் உள்ளவர், நாலு பேர் மதிக்கிற குடும்பம். நான் பெருமைப்பட்டேன். பண்ணை வேலை செய்த குடும்பத்துக் குழந்தை அந்த வீட்டில் வளர்வதா! இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து, ஒரு காரியம் செய்தேன். செவ்வந்திக்கு என் கையால் ஒரு குறிப்பு எழுதினேன். துணைத்தலைவர் வீட்டுக்குச் சொல்லாமல் போக வேண்டாம், ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டுவிட்டுப் போகவும், அதுதான் மரியாதை.

மரியாதை. கோயம்புத்தூர்க்காரர்களான நாம் அதில் பேர்போனவர்கள் அல்லவா? வாங்க, போங்க, உட்காருங்க. பசுவுக்கும் கன்றுக்கும்கூட 'ங்க' போடுவோம். செவ்வந்தி என் குறிப்பைப் படித்துவிட்டு, "மரியாதையாப் பேசுற ஊட்டுலதானுங்கம்மா நான் அதிக நேரம் நின்னு பாக்கறது" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் மூன்று முறை கடிதம் போட்டுவிட்டுப் போனாள். மூன்று முறையும் இனியா புதுப் பாவாடை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்காவது முறை செவ்வந்தி கடிதம் போடவில்லை. பஸ்ஸில் போய் இறங்கித் தோப்புக்குள் நடந்தாள். அவளுடைய அறிக்கையை என் கையில் வைத்திருக்கிறேன். அப்படியே படிக்கிறேன். நான் திருத்தினால் கெட்டுப்போகும்.

"பகல் பதினொன்றரை மணி. பள்ளிக்கூட நாள். குழந்தை தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. வீட்டு அம்மாள் நஞ்சம்மாள் என்னைப் பார்த்ததும், 'சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்போமுங்களே' என்றார். தண்ணீர் கேட்டேன். 'இனியா, இவீங்களுக்குத் தண்ணி மொண்டாந்து குடு' என்றார். குழந்தை சொம்பில் கொண்டுவந்தது. 'நீ முதல்ல குடி கண்ணு' என்றேன். குழந்தை சொம்பைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. நானும் பின்னாலேயே போனேன். எக்கி நின்று மாட்டுத் தொட்டிக் குழாயைத் திறந்து, கையைக் குவித்துக் குடித்தது. 'அவளுக்கு அப்படியே பழக்கமாயிருச்சுங்க' என்றார் நஞ்சம்மாள். 'எத்தனை நாளாப் பழக்குனீங்க?' என்று கேட்டேன். குழந்தையை உடனே திரும்ப எடுக்கப் பரிந்துரைக்கிறேன்."

இதுதான் அறிக்கை. வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும் அன்று சாயங்காலமே ஜீப் போயிருக்கும். நம் சங்கம் என்ன செய்தது?

பாலுசாமி அவர்கள் ஒரு புகார்க் கடிதம் கொண்டுவந்தார். அதுவும் என்னிடம் இருக்கிறது. செவ்வந்தி வளர்ப்புப் பெற்றோரிடம் கைக்கூலி வாங்குகிறாள் என்றும், அதற்குக் கொடுமுடியில் சாட்சி உண்டு என்றும், தன் இனத்துக் குழந்தை பெரிய வீட்டில் இருப்பது பொறுக்காமல் அவதூறு பேசுகிறாள் என்றும் எழுதியிருந்தார். கமிட்டியில் கைகூப்பி நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, சோறு போட்டு வளத்துறோம். அவளே ஒரு பண்ணையாளு ஊட்டுப் புள்ள, அவ வந்து எங்க ஊட்டுக் கொல்லையில நின்னு குத்தம் எழுதுனா எப்படீங்க? நீங்க பெரியவங்க, பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். எவ்வளவு பணிவு! எத்தனை 'ங்க'!

அந்தக் கைக்கூலி என்ன தெரியுமா? கொடுமுடியில் நரசிம்மலு அவர்கள் தோட்டத்தில் காய்த்த ஒரு பூசணிக்காய். செவ்வந்தி அதை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நம் சங்கத்துக் குழந்தைகள் விடுதிச் சமையலறையில் கொடுத்தாள். அன்றைக்குக் குழந்தைகளோடு உட்கார்ந்து அந்தப் பூசணிக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டவர்களில் நான் ஒருத்தி. பாலுசாமி அவர்கள் இன்னொருவர். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத் தெரியும், புகார் பொய் என்று. தெரிந்தே செவ்வந்தியைத் தற்காலிக நீக்கம் செய்து கையெழுத்துப் போட்டேன். ஏன்? நான் எழுதிக் கொடுத்த குறிப்பை அவள் மீறிவிட்டாள் என்ற கோபம். இந்தச் சங்கத்தைத் தொடங்கி மறைந்த சுந்தரராஜுலுவின் மனைவி எழுதியதை ஒருத்தி மீறுவதா என்ற திமிர். வேறு காரணம் இல்லை. பாலுசாமி அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்க்கு முத்திரை குத்தியவள் நான். இன்றைக்கு நான் தீர்க்க வந்த கணக்கில் என் பெயரும் இருக்கிறது.

சம்பளம் இல்லாத அந்த எட்டு மாதமும் செவ்வந்தி என்ன செய்தாள்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிணத்துக்கடவுக்குப் போனாள். தோப்புக்குள் நுழைய அவளுக்கு அனுமதி கிடையாது. எதிர்ப்பக்கம் ரோட்டோரம் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பாள். இனியா தண்ணீர்க் குடத்தோடு கேட் வரைக்கும் வந்து பார்ப்பாள். பேசிக்கொள்ள முடியாது. பார்ப்பார்கள். ஒரு நாள் பாலுசாமி அவர்களின் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி, "வெயில்ல நிக்காதீங்க அம்மணி, ஒடம்புக்கு ஆகாது" என்றாராம். அவள் சொன்னாளாம்: "நான் நிக்கறது உங்களுக்குத் தெரியோணும்னுதானுங்க நிக்கறேன்."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் கீதா பிறகு சொன்னாள். மழையிலும் நின்றிருக்கிறாள். காய்ச்சல் வந்தது, நுரையீரலுக்கு இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது பேச மூச்சு போதவில்லை. நான் வருத்தம் தெரிவிக்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைய எப்பக் கூட்டிட்டு வாரீங்க?" என்றாள். கூட்டி வருவீர்களா என்றுகூடக் கேட்கவில்லை; எப்போது என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த நாள் விடியும்போது செவ்வந்தி இல்லை. நாற்பத்தோரு வயது.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் கிணத்துக்கடவுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். என் வாழ்க்கையில் ஒருவர் வீட்டுக்குச் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்டேன். நீ குடி கண்ணு என்றேன். அந்தக் குழந்தை சொம்பை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. இந்த முழங்காலோடு நானும் பின்னால் போனேன். அதே தொட்டி, அதே குழாய், அதே குவிந்த கை. அந்த அறிக்கைக்குப் பிறகு மாறியது ஒன்றுதான். குழாயை எட்ட இப்போது அவள் எக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்து, செவ்வந்தியின் அறிக்கையையும் என் சாட்சியையும் சேர்த்து, சிறார் நல வாரியத்தில் கொடுத்தேன். நேற்று உத்தரவு வந்தது. சங்கத் தலைவர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

பாலுசாமி அவர்களே, எழுந்திருக்க வேண்டாம். உட்காருங்கள். இப்போது கிளம்பினாலும் பிரயோஜனமில்லை. இன்று மாலை நான்கு மணிக்கு, நீங்கள் இந்த மேடையில் உங்கள் நாற்காலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ரசாக் ஓட்டும் நம் ஜீப் உங்கள் தோப்புக்குப் புறப்பட்டுவிட்டது. உள்ளே கீதாவும் ஒரு பெண் போலீசும் இருக்கிறார்கள். நோட்டீசில் எனக்கு அடுத்ததாக உங்கள் பெயரை ஏன் போட்டேன் என்று நினைத்தீர்கள்? உங்கள் இரங்கல் உரையைக் கேட்கும் ஆசையிலா? நீங்கள் வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மேடையில் உங்களுக்கு இடம். அதற்காகத்தான் நான் இத்தனை நேரம் பேசுகிறேன். எனக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாதா?

இன்னும் கேளுங்கள். விடுதி வாசலில் உங்கள் பெயர் பொறித்த கல் நாளைக்குக் காலையில் இருக்காது. கொத்தனுக்குச் சொல்லியாயிற்று. உங்கள் புகார்க் கடிதமும் செவ்வந்தியின் அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிரதி எடுத்து, வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். வந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துப் போகலாம். பத்திரிகைக்காரர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலை வாங்கியதற்குப் போலீசில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இனி நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள் உங்கள் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை. மிச்சமிருக்கிற ஆயுளில் நான் இதைவிடப் பெரிதாக எதையும் விரும்பவில்லை.

என்னையும் விடவில்லை. தலைவர் பதவியை ராஜினாமா செய்து, கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். செவ்வந்தியின் நீக்க உத்தரவு தவறானது என்று பதிவேட்டில் என் கைப்பட எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, செய்தது யார் என்பதையும் எழுதியிருக்கிறேன். நம் சங்கத்தில் இனி எந்த வீட்டுக்கும் சலுகை கிடையாது. சொல்லிவிட்டுப் போவது என்ற பேச்சே கிடையாது. அவள் பார்த்துக்கொண்டிருந்த இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன. புது ஆள் வரும் வரைக்கும் கீதாவோடு நான் போவேன். பஸ்ஸில் போவேன். பெரிய வீடு, சின்ன வீடு, என் சொந்தக்காரர் வீடு, எல்லா வீட்டிலும் போய்த் தண்ணீர் கேட்பேன். யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று அவர்கள் என்னைத் திட்டட்டும். இது உறுதிமொழி என்றால் உறுதிமொழி. எழுந்து நின்று கைநீட்டிச் சொல்வதெல்லாம் எனக்கு வராது.

ஒரு நிமிடம். நம் ஆபீஸ் குமாஸ்தா நஞ்சுண்டன் வாசலில் நிற்கிறார். மேலே வாருங்கள் நஞ்சுண்டன். சீட்டை என்னிடமே கொடுங்கள்.

கீதா போனில் சொன்னதை எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கிறேன். "குழந்தையோடு ஆபீசுக்கு வந்துவிட்டோம். நஞ்சம்மாள் தடுக்கவில்லை. குழந்தைக்குக் காயம் எதுவும் இல்லை."

கை தட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். இன்னும் இரண்டு வரி இருக்கிறது.

"குழந்தை ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. செவ்வந்தியக்கா வந்து கூப்பிட்டால்தான் இறங்குவேன் என்கிறது. நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் வர வேண்டும் அம்மா."

பாலுசாமி அவர்களே, உங்களுக்காக இன்னும் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். இப்போது எனக்கு நேரமில்லை.

பொன்னாத்தாள் அம்மா, நீங்கள் என்னோடு வருவீர்களா? அந்தக் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்களும் அழுதுகொண்டிருக்கிறீர்கள். இருந்தாலும் வாருங்கள். அவள் கேட்கும்போது இரண்டு பேராக நிற்போம்.

கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள், போதகர் ஐயா. நாங்கள் கிளம்புகிறோம்.